பதினோரு வயதில் ஃபேட்டி லிவர்: ஈரோட்டிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்துக்குப் பதில்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மகனுக்குப் போன மாதம் பதினோரு வயது முடிந்தது. ஆறாம் வகுப்பு படிக்கிறான். அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று சொன்னதால் ஸ்கேன் எடுத்தோம். 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் சோதனை 68. உயரம் 146 செ.மீ., எடை 54 கிலோ. கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக இருக்கிறது, தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை. டாக்டர் 'வெயிட்டைக் குறைங்க' என்று சொல்லி ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. எண்ணெய்ப் பலகாரமும் அதிகம் செய்வதில்லை. காலையில் சத்து மாவு பானம் கலந்த பால், பள்ளிக்கு ஒரு ஜூஸ் பாக்கெட், சாயந்திரம் டியூஷனுக்கு முன்னால் பேக்கரியில் தேங்காய் பன், டீ. இவ்வளவுதான் வெளியில். அவன் அப்பாவுக்கு 36 வயது, போன வருடம் சர்க்கரை வந்துவிட்டது. மாமியார், 'வயசுக்கு வந்தா எல்லாம் வடிஞ்சிரும், கீழாநெல்லி அரைச்சுக் குடு' என்கிறார். நான் பயத்தில் அவனுக்குச் சோறு, நெய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ராத்திரிக்கு அவனுக்கு மட்டும் கஞ்சி. எட்டு வயது மகள் ஒல்லி, அவளுக்கு எப்போதும் போலத்தான். நேற்று அவன் புத்தகப் பைக்குள் பிஸ்கட் உறைகளை ஒளித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அவன் அப்பா 'குண்டா' என்று திட்டி அடிக்கப் போய்விட்டார். என் வளர்ப்பில்தான் தப்பா? இது சிரோசிஸ் ஆகிவிடுமா? அவனிடம் என்ன சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பிஸ்கட் உறைகள் வந்த இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன். அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு மட்டும் கஞ்சி என்பதை இன்று ராத்திரியோடு விட்டுவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் என்ன சமைக்கிறீர்களோ, அவனுக்கும் அதுதான். முட்டையைத் திரும்பக் கொடுங்கள். உறைகளைப் பற்றி விசாரணை எதுவும் வேண்டாம். பதினோரு வயது என்பது வளர்த்தி கிடுகிடுவென்று எழும் நேரம். அந்த வயதில் நாள் முழுக்கப் பசியோடு இருக்கிற பையன் ஒளித்துத்தான் தின்பான். எதிரே தங்கை பிஸ்கட் தின்னும்போது தன் தட்டில் கஞ்சி விழுந்தால், அதை அவன் மருந்து என்று நினைக்க மாட்டான், தண்டனை என்றுதான் நினைப்பான்.

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், எடை அதிகமான பிள்ளை யார் வந்தாலும் ஒரு டயட் சார்ட்டைக் கையில் கொடுத்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, 'நீ இதையெல்லாம் சாப்பிடக் கூடாது' என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளில் பலர் மறுபடி வரவே இல்லை. வந்தவர்களும் முன்பைவிட எடை கூடித்தான் வந்தார்கள். வீட்டை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் மாற்றப் பார்த்தது என் தவறு என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன்.

கல்லீரல் செல்களில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்திருந்தால் அதை ஃபேட்டி லிவர் என்கிறோம். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. எடை அதிகமான மூன்று பிள்ளைகளிடம் இந்த நோயை மருத்துவர்கள் முதன்முதலாக விவரித்து எழுதியது 1983-ல். அதற்குப் பிறகு இது வேகமாகப் பரவிவிட்டது. வேறு காரணங்களால் இறந்துபோன 742 பிள்ளைகளின் கல்லீரலை அமெரிக்காவின் சான் டியாகோவில் ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். குண்டான பிள்ளைகளில் 38 சதவீதத்தினருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்திருக்கிறது. பத்தில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் ஏதோ அபூர்வமான நோயைப் பிடித்துக்கொண்டு வந்துவிடவில்லை. 'மது சாராத கொழுப்புக் கல்லீரல்' என்று இருந்த பெயரையே 2023-ல் மாற்றிவிட்டார்கள். உடல் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் விதத்தில் வரும் கோளாறு என்பதுதான் புதிய பெயரின் பொருள். குடியைச் சொல்லிப் பெயர் வைத்தால் பிள்ளைகளும் பெற்றோரும் அநாவசியமாகக் கூனிக் குறுக வேண்டியிருக்கிறது என்பதும் மாற்றியதற்கு ஒரு காரணம்.

சிரோசிஸ் ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வயதில் அது ஆவதில்லை. ஆனால் 'ஒன்றும் இல்லை, விடுங்கள்' என்றும் சொல்ல மாட்டேன். சிலருக்குக் கொழுப்போடு நிற்காமல் வீக்கம் வருகிறது, வீக்கத்துக்குப் பிறகு தழும்பு விழுகிறது. அந்தத் தழும்பு வருடக்கணக்கில் கெட்டிப்படுவதுதான் சிரோசிஸ். கொழுப்பு நிலையிலும் தொடக்க வீக்கத்திலும் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பிவிடக்கூடிய உறுப்பு, அதுவும் பிள்ளைகளின் கல்லீரல் நன்றாகவே திரும்பும். அதனால்தான் உங்கள் டாக்டர் இப்போதே கண்டுபிடித்ததை நான் நல்ல சேதியாகப் பார்க்கிறேன்.

அந்த 'கிரேடு 1' என்பதைப் பலர் புற்றுநோயின் முதல் நிலை, இரண்டாம் நிலை மாதிரி நினைத்துப் பயப்படுகிறார்கள். ஸ்கேனில் கல்லீரல் எவ்வளவு வெளிறித் தெரிகிறது என்பதற்கு வைத்த அளவுதான் அது. தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. அது மட்டுமில்லை, கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் சாதாரண அல்ட்ராசவுண்டில் தெரியாமலே போகலாம். ஆகவே ஸ்கேன் தாளை வைத்துக்கொண்டு அழவும் வேண்டாம், அடுத்த முறை 'நார்மல்' என்று வந்தால் கொண்டாடவும் வேண்டாம்.

நான் பார்க்கிற எண் எஸ்.ஜி.பி.டி.தான். லேப் தாளில் 40, 45 வரை சரி என்று அச்சடித்திருப்பார்கள். பெரியவர்களையும் சேர்த்துப் போட்ட அளவு அது. பிள்ளைகள் கல்லீரல் மருத்துவத்தில் ஆண் பிள்ளைகளுக்கு 26, பெண் பிள்ளைகளுக்கு 22 என்பதுதான் மேல்வரம்பு. அதன்படி 68 என்பது இரண்டரை மடங்கு. 50-க்கு மேல் மூன்று மாதம் நீடித்தால் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும், 80-ஐத் தாண்டினால் இன்னும் சீக்கிரம் செய்ய வேண்டும் என்பது வழிகாட்டி விதி.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் மூன்று மாதம் காத்திருக்க மாட்டேன். பிள்ளை குண்டாக இருந்தால், கல்லீரலில் எது தெரிந்தாலும் 'எல்லாம் எடையால்தான்' என்று முடிவு கட்டிவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. உடம்பில் செம்பு வெளியேறாமல் கல்லீரலில் தங்கிவிடும். ஸ்கேனில் அதுவும் அப்படியே ஃபேட்டி லிவர் போலத் தெரியும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பழுதான மரபணு சேர்ந்து வரும்போது வருகிற நோய் என்பதால், சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் கூடுதலாகப் பார்க்கிறோம். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையாலேயே கட்டுப்படுத்தலாம், விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்கு ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற சோதனை இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் அதைக் கேளுங்கள். அதோடு மஞ்சள் காமாலை பி, சி வைரஸ், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, பிளேட்லெட் எண்ணிக்கை, உடலே தன் கல்லீரலைத் தாக்கும் நோய்க்கான சோதனை ஆகியவற்றையும் ஒரே ரத்தக் குத்தலில் முடித்துவிடலாம். பையன் வேறு ஏதாவது மருந்து, ஸ்டீராய்டோ வலிப்பு மாத்திரையோ, நீண்ட நாளாக எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் ஏ, பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பழைய அட்டையைப் புரட்டிப் பாருங்கள். தழும்பு இருக்கிறதா என்று ஊசி குத்தாமல் பார்க்க ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது. அது தேவையா என்பதை இந்த முடிவுகள் வந்த பிறகு டாக்டர் தீர்மானிக்கட்டும்.

வயிற்று வலியையும் மறந்துவிடாதீர்கள். ஃபேட்டி லிவர் பெரும்பாலும் வலிக்காது, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிய வருவதுதான் வழக்கம். இந்த வயதுப் பிள்ளைகளின் வயிற்று வலிக்கு நான் முதலில் கேட்பது, தினமும் வெளிக்குப் போகிறானா, பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து அடக்கிக்கொள்கிறானா என்பதைத்தான்.

கழுத்துக் கறுப்பை இனிமேல் தேய்க்காதீர்கள், அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் உடம்பு அதைக் கூடுதலாகச் சுரக்கும்போது தோல் அப்படித் தடித்துக் கறுக்கும். அப்பாவுக்கு 36 வயதுக்குள் சர்க்கரை வந்திருப்பதையும் இந்தக் கழுத்தையும் சேர்த்துப் பார்த்தால் குடும்பத்தில் ஓடுகிற ஒரு போக்கு தெரிகிறது. கல்லீரலில் கொழுப்பு சுலபமாகத் தங்கும்படி செய்கிற ஒரு மரபணு மாற்றத்தை 2008-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் இது வருவதற்கு இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு. உங்கள் வளர்ப்பை நீங்கள் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கணவரும் நீங்களும் எஸ்.ஜி.பி.டி. பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்குப் பார்த்தால் அவர்களில் பலருக்கும் இருக்கிறது.

இனி சாப்பாடு. எண்ணெய்ப் பலகாரம் அதிகம் இல்லையே, பிறகு கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். நியாயமான குழப்பம். ஃபேட்டி லிவர் உள்ள பெரியவர்களின் கல்லீரல் கொழுப்பு எந்த வழியாக வந்தது என்று தடம் பிடித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2005-ல் வந்தது. 59 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து கரைந்து வந்தது. 26 சதவீதம் கல்லீரலே சர்க்கரை, மாவுச்சத்திலிருந்து புதிதாகத் தயாரித்தது. வாயால் சாப்பிட்ட எண்ணெய், நெய்யிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம்தான். அதனால் பருப்புச் சோற்றில் விடுகிற ஒரு ஸ்பூன் நெய் இதில் பெரிய குற்றவாளி கிடையாது. அதை மறுபடி விடுங்கள், பையன் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

நான் பிடிக்கச் சொல்வது இனிப்பை, அதிலும் குடிக்கிற இனிப்பை. நாம் போடுகிற சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ் என்ற ஒரு வகைச் சர்க்கரை. மற்ற சர்க்கரையைத் தசை, மூளை எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும், ஃபிரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள வேண்டும். தேவைக்கு மேல் வந்தால் அதைக் கொழுப்பாக மாற்றி அங்கேயே வைத்துக்கொள்ளும். பானமாக வரும்போது மெல்லும் வேலை இல்லை, வயிறு நிறைந்த உணர்வும் வராது, மொத்தமாக ஒரே நேரத்தில் போய் இறங்கும்.

இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வை நான் பெற்றோரிடம் அடிக்கடி சொல்வேன். சான் டியாகோவிலும் அட்லாண்டாவிலும் ஃபேட்டி லிவர் இருந்த 11 முதல் 16 வயது வரையிலான 40 பையன்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு எட்டு வாரம் கூடுதல் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லாத சாப்பாடு. மறுபாதி எப்போதும் போலச் சாப்பிட்டார்கள். முதல் குழுவில் கல்லீரல் கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கியது. மற்றவர்களுக்கு 21-லிருந்து 20, அவ்வளவுதான். 2019-ல் வெளிவந்தது. சின்ன ஆய்வுதான், எட்டு வாரம்தான். ஆனாலும் அதில் என் மனதில் நிற்பது அவர்கள் அதைச் செய்த விதம். பையனுக்கு மட்டும் தனிச் சாப்பாடு கொடுக்கவில்லை. வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் சேர்த்து அந்த எட்டு வாரமும் சாப்பாடு திட்டமிட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் இனிப்பு பானம் இருக்கும்வரை ஒரு பையனை மட்டும் தொடாமல் இருக்க வைக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது உங்கள் மகனின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை மொத்தச் சக்தியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஐந்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவன் வயதுக்கு ஐந்து சதவீதம் என்பது சுமார் ஆறு டீஸ்பூன். காலைப் பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பான மாவிலேயே சர்க்கரை இருக்கிறது, டப்பாவைத் திருப்பி 'ஆடட் சுகர்' என்ற வரியைப் பாருங்கள். ஜூஸ் பாக்கெட்டிலும் அதே வரியைப் பாருங்கள், 100 மில்லிக்கு என்று போட்டிருந்தால் இரண்டால் பெருக்க வேண்டியிருக்கும். மதிய மணி அடிப்பதற்குள் ஆறு ஸ்பூன் முடிந்துபோயிருக்கும். அதற்கப்புறம்தான் தேங்காய் பன்னும் டீயும். கடையில் ஒரு கால் லிட்டர் கோலா வாங்கிக் குடித்தால் அதில் மட்டும் ஏறக்குறைய 27 கிராம், அதாவது ஒரு நாள் கணக்கு முழுவதும்.

அந்தச் சத்து பானங்களை நீங்கள் நம்பி வாங்கியது உங்கள் தப்பு இல்லை. ஒரு தலைமுறையே அப்படி நம்பி வளர்ந்திருக்கிறது. உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்தப் பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. பால் மட்டும் போதும். சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தாமல் வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தால் அவனுக்கே தெரியாது. சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் என்று மாற்றி மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். கருப்பட்டியில் வாசம் உண்டு, கொஞ்சம் தாது உண்டு. கல்லீரலுக்கு அதுவும் சர்க்கரைதான். பழத்தைக் கடித்துச் சாப்பிடலாம், கொய்யா, பப்பாளி, வாழை எதுவானாலும். பிழிந்து வடிகட்டினால் அது ஜூஸ்.

சோற்றை நிறுத்த வேண்டாம், அளவையும் இடத்தையும் மாற்றுங்கள். தட்டில் முதலில் பொரியலும் கூட்டும், பக்கத்தில் முட்டையோ பயறோ சுண்டலோ, அப்புறம் சோறு. உங்கள் பக்கத்தில் கொள்ளுக்குக் குறைவில்லை. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று மாமியார் சொல்லாமல் இருக்க மாட்டார். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் மருந்து என்று நினைக்காமல், புரதமும் நாரும் உள்ள நல்ல பருப்பு என்று நினைத்துத் தாராளமாகச் செய்யுங்கள். கொள்ளுப் பருப்பு, கம்பஞ்சோறு, ராகிக் களி, மோர். அவருக்குத் தெரிந்த சமையலில் பாதி நான் எழுதிக் கொடுக்கும் சார்ட்டைவிட மேல். அவரை எதிர்க் கட்சியில் நிறுத்தாமல் இந்த வேலையை அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். சாயந்திரம் நாலரை மணிக்குப் பையன் பசியோடு வருவான், அந்த நேரத்துக்கு வீட்டில் ஏதாவது சூடாக இருந்தால் பேக்கரி தானாக விட்டுப்போகும். சுண்டல், அவித்த வேர்க்கடலை, ஒரு தோசைகூடப் பரவாயில்லை.

'வயசுக்கு வந்தா வடிஞ்சிரும்' என்று அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சில பிள்ளைகள் உயரம் போடும்போது மெலிவதைப் பார்த்துத்தான் சொல்கிறார். அந்தக் காலத்துப் பிள்ளை பள்ளிக்கு நடந்தது, சாயந்திரம் இருட்டும்வரை தெருவில் கிடந்தது. இப்போதைய பிள்ளை ஆட்டோவில் போய் டியூஷனில் உட்கார்ந்து வருகிறது, அதனால் தானாக வடிவதில்லை. நாம் கொஞ்சம் கை கொடுத்தால் வடியும்.

எவ்வளவு எடை குறைய வேண்டும் என்ற கேள்விக்கு, கிலோக் கணக்கில் அவன் குறைக்கவே வேண்டியதில்லை என்பதுதான் என் பதில். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் அவனுடைய பி.எம்.ஐ. எண் இப்போது 25-க்குச் சற்று மேல், அந்த வயதுக்கு அது குண்டு என்ற கோட்டைத் தாண்டிய எண். ஆனால் அவன் வளர்ந்துகொண்டிருக்கிறான். இரண்டு வருடத்தில் 158 செ.மீ. ஆகி, எடை 54-லேயே நின்றால் பி.எம்.ஐ. 21.6 ஆகிவிடும், கோட்டுக்குக் கீழே வந்துவிடுவான். ஒரு கிலோ குறையாமலே. பெரியவர்களுக்கு இல்லாத வசதி இது. பட்டினி போட்டால் அந்த உயரத்தைத்தான் முதலில் கெடுப்போம். வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தால் பரணில் போட்டுவிடுங்கள், மாதம் ஒருமுறை டாக்டரிடம் பார்த்தால் போதும். வேண்டுமானால் ஒரு நூலை எடுத்து அவன் உயரத்தை அளந்து, அதைச் சரிபாதியாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். பாதி நூல் வயிற்றைச் சுற்றி எட்டுகிற நாள் வந்தால் அதைக் கொண்டாடலாம்.

மகள் ஒல்லி, அவளுக்கு எப்போதும் போல என்று எழுதியிருந்தீர்கள். இதைப் படிக்கும்போது புனே மருத்துவர் யாஜ்னிக் நினைவுக்கு வந்தார். அவரும் லண்டனில் இருந்த யுட்கின் என்ற மருத்துவரும் 2004-ல் தங்கள் படத்தை அருகருகே போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. பார்க்க மெலிந்த இந்திய உடம்புக்குள் கொழுப்பு எவ்வளவு பதுங்கியிருக்கலாம் என்பதற்கு அதைவிட எளிய சாட்சி இல்லை. பிறக்கும்போதே எடை குறைந்த நம் குழந்தைகளிடமும் இந்த இயல்பு இருப்பதை அவர் காட்டியிருக்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை உள்ள வீட்டில் பிறந்த பெண் குழந்தை, இன்று ஒல்லி என்பதற்காகப் பிஸ்கட்டும் ஜூஸும் அவளுக்குத் தனியாக வர வேண்டாம். அண்ணனுக்கு நல்லது எதுவோ அது அவளுக்கும் நல்லது.

மருந்து விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைகளின் ஃபேட்டி லிவருக்கு என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றைக்கு இல்லை. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினையும் வைட்டமின் ஈ-யையும் 173 பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். எஸ்.ஜி.பி.டி.யை நிலையாகக் குறைப்பதில் இரண்டும் வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக இல்லை. வைட்டமின் ஈ எடுத்த சிலருக்குத் திசுச் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் அது மருத்துவர் பார்த்துச் சிலருக்கு மட்டும் கொடுப்பது. உங்கள் டாக்டர் கொடுத்த சிரப் என்ன, எதற்காக என்று அவரிடமே கேளுங்கள், தயங்க வேண்டாம். கீழாநெல்லியை இப்போதைக்கு நிறுத்துங்கள். மூலிகை என்பதாலேயே கல்லீரலுக்குத் தீங்கு செய்யாது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்திலைக் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எஸ்.ஜி.பி.டி. ஏன் ஏறியது என்று கண்டுபிடிக்கும் நேரத்தில் இன்னொரு பொருளை உள்ளே விட்டால் எது எதனால் என்று எங்களுக்கே தெரியாமல் போகும்.

விளையாட்டு தினம் ஒரு மணி நேரம். ஜிம் வேண்டாம், காலையில் எழுப்பி ஓட விடவும் வேண்டாம். சைக்கிள், கபடி, நீச்சல், தெருக் கிரிக்கெட், எது பிடிக்கிறதோ அது. எடை குறையாவிட்டாலும் தசை வேலை செய்தாலே கல்லீரல் கொழுப்பு குறையும். வாரம் ஆறு நாள் டியூஷன் என்றால் அதில் இரண்டு நாளை விளையாட்டுக்கு விட்டுவிடுங்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. ராத்திரி ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும். குறட்டை விடுகிறானா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறானா என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், கண் மஞ்சளாவது, வயிறு உப்புவது, ரத்த வாந்தி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை, இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். ஐயா, உங்களுக்குச் சர்க்கரை வந்தபோது நீங்கள் எவ்வளவு பயந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மகனுக்கும் வந்துவிடுமோ என்ற அந்தப் பயம்தான் கோபமாக வருகிறது. ஆனால் எடையைச் சொல்லிக் கேலி செய்யப்படும் பிள்ளைகள் எடை குறைவதில்லை, மற்றவர்களைவிட வேகமாக ஏறுகிறார்கள் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பள்ளியில் அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருப்பார்கள், வீட்டில் அவனுக்குப் பெயர் இருக்கட்டும். உங்களுக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார் அல்லவா? சாப்பாட்டுக்குப் பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கும் அவனுக்கும் ஒரே மருந்துச் சீட்டுதான் எழுத வேண்டியிருக்கிறது.

கடைசியாக, அவனிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்களே. பொய் சொல்ல வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் சொல்லாதீர்கள், நடந்துபோகும்போது சொல்லுங்கள். 'தம்பி, உன் கல்லீரல்ல கொஞ்சம் கொழுப்பு சேர்ந்திருக்கு. அப்பாவுக்கும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கு, அதனால நாம எல்லாருமே வீட்டுல கொஞ்சம் மாத்திக்கப் போறோம். இது சரியாகிற விஷயம்தான். உனக்குப் பசிச்சா எப்ப வேணும்னாலும் எங்கிட்டக் கேளு, நான் தர்றேன். பயப்பட வேண்டாம், ஒளிச்சு வைக்க வேண்டாம். அன்னைக்கு நான் உனக்கு மட்டும் கஞ்சி வச்சது தப்பு.' இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து எஸ்.ஜி.பி.டி. மறுபடி பார்த்ததும், செருலோபிளாஸ்மின் முடிவோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள்.